கடைசி பெஞ்சில் ஒரு ஹவில்தார்

ஏழு பக்கக் கடிதம். கோடு போட்ட நோட்டுத் தாளில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறார். எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 38. காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் சாலையில், கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திரப் பக்கம் வீடு. வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பஸ் ஏறி இந்தப் பக்கம் வந்து தமிழில் படித்தவர். 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். 17 ஆண்டுகள். கொஞ்ச காலம் வெலிங்டனில், புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதாக இருந்திருக்கிறார். மீதியில் பெரும்பகுதி காஷ்மீர். ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியர் ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. அதற்காக வேலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, தமிழ் வழியில், இரண்டாம் ஆண்டு படிக்கிறார்.

மாணவர்கள் ‘அங்கிள்’ என்கிறார்கள். தன்னைவிட இளைய பேராசிரியர்கள் ‘சார்’ என்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே ஆள் இல்லை. கடைசி பெஞ்சில், சுவரில் முதுகு பட, கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். பாடம் மண்டையில் ஏறவில்லை, மூன்று பேப்பர் அரியர். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பார், மறுபடி எழுவார். தூக்கத்துக்காக ராணுவக் கேன்டீன் ரம். இரண்டு பெக் என்று ஆரம்பித்தது இப்போது தினமும் அரை பாட்டில்.

போன மாதம் வகுப்பில் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் சிப்ஸ் பாக்கெட்டை ஊதி உடைத்திருக்கிறான். “அடுத்த நொடி அவன் கையை முறுக்கி பெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்றே தெரியவில்லை. அவனுக்கு 19 வயது. என் பெண்ணைவிட நாலு வயதுதான் பெரியவன்.” பையனுக்கு அடி எதுவும் இல்லை. துறைத் தலைவர் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மூன்று வாரமாக இவர் வகுப்புக்குப் போகவில்லை. ஆனால் தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார். மனைவிக்கு இது தெரியாது.

அவர் கேட்பவை: பட்டாளத்தில் கொடுத்த கிராஜுவேஷன் சர்டிபிகேட்டை வைத்தே பி.எட். சேரலாம் என்று மச்சான் சொல்கிறாரே, இந்தக் கல்லூரி எதற்கு? பணம் கொண்டுபோகும் வண்டிக்கு நைட் கார்டாக வரச்சொல்லி ஒரு நண்பர் கூப்பிடுகிறார், போய்விடலாமா? மனநல டாக்டரிடம் போனால் பென்ஷனில் கைவைப்பார்களா? “பாகாயம் போனவன் என்று பேர் வந்துவிட்டால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்?” (வேலூர் சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனை இருக்கும் இடம் பாகாயம்.)

கடைசி வரி இது: “சில ராத்திரி, இருந்து என்ன ஆகப்போகிறது என்று இருக்கிறது.”

முதலில் அந்தக் கடைசி வரி

சகோதரரே, நீங்கள் கேட்காமல் எழுதிவிட்டுப்போன அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நேராகக் கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து களைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசுச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். எண்ணம் நெருக்குகிறது, அடக்க முடியவில்லை என்றால் போனோடு நிற்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

இன்னொன்று. பேங்க் காவலாளி வேலைக்காக வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி பீரோவில் இருப்பதாக நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உங்கள் பெயரிலேயே இருக்கும். காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, வீட்டில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் போதும். ஆயுதத்தைக் கோத்தில், அதாவது படைப்பிரிவின் ஆயுத அறையில், ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனவர்தானே நீங்கள். இதையும் அப்படியே செய்யுங்கள். இந்த வாரத்துக்குள்.

மண்டையில் ஏறவில்லையா, காதில் விழவில்லையா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் இது கண்ணில் பட்டது. “வாத்தியார் பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார் என்று பிடிபடுவதில்லை” என்கிறீர்கள். வேறோர் இடத்தில், டிவி சத்தத்துக்காக உங்களுக்கும் பெண்ணுக்கும் தினமும் சண்டை. இன்னோர் இடத்தில், இடது காதில் எந்நேரமும் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம், பழகிவிட்டது. இந்த மூன்றையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. “மூளை மழுங்கிவிட்டது, பட்டாளத்தோடு படிப்பும் போய்விட்டது” என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

என் பெரியப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வுபெற்று வந்தபின் எதற்கெடுத்தாலும் கத்துவார். நாங்கள் ஏதாவது சொன்னால் முறைப்பார், பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவார். கோபக்காரர் என்று நாங்கள் எல்லோரும் ஒதுங்கியே வளர்ந்தோம். யாராவது வந்தால் திண்ணையில் எப்போதும் ஒரே மூலையில், வந்தவர் தனக்கு வலப்பக்கம் இருக்கும்படி உட்காருவார். அது அவருடைய பட்டாள ஒழுங்கு என்று நினைத்தோம். 64 வயதில் காதைப் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது, இடது காது பெரும்பாலும் போயிருந்தது, 30 வருடங்களாக. அவர் கோபப்பட்டதில் பாதி, நாங்கள் என்ன சொன்னோம் என்று பிடிபடாததால் வந்த கோபம். அதைத் தெரிந்துகொண்டபோது எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம்.

துப்பாக்கிச் சத்தமும் வெடிச் சத்தமும் காதின் உள்ளே இருக்கும் மெல்லிய செல்களைக் கெடுக்கின்றன. அவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சில் உயிர் ஒலிகள் கனமாகக் கேட்கும். ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் கரைந்துபோகும். அதனால்தான் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. வலது தோளில் ரைஃபிளை வைத்துச் சுடுபவர்களுக்குப் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் கெடுகிறது, குழல் முனைக்குப் பக்கத்தில் இருப்பது அந்தக் காது. 60 பேர் கொண்ட வகுப்பு, தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் ஃபேன், கடைசி பெஞ்ச், கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசும் பேராசிரியர். நல்ல காது உள்ளவருக்கே கஷ்டம். நீங்கள் பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்த இடமே உங்களைப் பாடத்திலிருந்து தள்ளி வைத்திருக்கிறது.

இது என் ஊகம்தான், நான் காது டாக்டர் இல்லை. ஆனால் ஆடியோகிராம் என்ற பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை எடுக்காமல் உங்கள் மூளைமேல் பழி போடாதீர்கள். கருவி தேவைப்பட்டால், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் வழியாகவே கிடைக்க வழி இருக்கிறது.

உடம்பு இன்னும் டூட்டியில் இருக்கிறது

அந்த சிப்ஸ் பாக்கெட் விஷயம். “நான் ரவுடியாகிவிட்டேனா?” என்று கேட்கிறீர்கள். இல்லை. ஆனால் சின்ன விஷயம் என்றும் தள்ளமாட்டேன்.

படை வண்டிகள் வருவதற்கு முன் சாலையில் ஆபத்து இருக்கிறதா என்று நடந்து பார்க்கும் ரோடு ஓப்பனிங் டூட்டியில் பக்கத்தில் வந்தவனை இழந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகும் பல மாதங்கள் அதே சாலையில் நடந்திருக்கிறீர்கள். சத்தம் வந்தால் யோசிப்பதற்குள் உடம்பு பாய வேண்டும், அப்படிப் பாய்ந்ததால்தான் இன்று இருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் புக்கில் சீல் குத்தியது உடம்புக்குத் தெரியாது. அது இன்னமும் சென்ட்ரி நிற்கிறது, கல்லூரியில் கதவைப் பார்த்து, ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டைப் பார்த்து.

விழிப்பு, திடுக்கிடல், கெட்ட கனவு, நினைவு வரும் இடங்களைத் தவிர்ப்பது, யாரோடும் ஒட்டாமல் போவது எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைக் கெடுக்கும்போது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். பி.டி.எஸ்.டி. என்று நீங்களும் யூடியூபில் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதைக் கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்ற ஆலோசகரோடு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பேசிப் பழக்கும் முறை இருக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பல பேருக்குச் சில மாதங்களில் தெளிவான மாற்றம் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரம் பற்றி ஒன்றே ஒன்று. அது தூங்க வைக்கிறது, தூங்கவிடுவதில்லை. ரத்தத்தில் இறங்கியது தெளியும் நேரத்தில்தான் உங்களுக்கு இரண்டு மணி விழிப்பு வருகிறது. ஆனால் தினமும் அரை பாட்டில் என்ற அளவில் இருப்பவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் உண்மையான அளவைச் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். அளவைக் குறைத்துச் சொல்வது இந்த விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

பென்ஷன் போகாது, பெயரும் போகாது

உங்கள் சர்வீஸ் பென்ஷன் 17 ஆண்டுகள் வேலை செய்ததற்கு வருவது. ஓய்வுக்குப் பிறகு எந்த டாக்டரைப் பார்த்தாலும், எந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தாலும் அதில் ஒரு ரூபாய் குறையாது. சொல்லப்போனால் விஷயம் நேர்மாறானது. சர்வீஸால் வந்த அல்லது சர்வீஸால் அதிகமான பாதிப்பு என்று நிரூபிக்க முடிந்தால், காதுக்கும் மனதுக்கும் சேர்த்து ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கும் வழி உண்டு. அது தானாக வந்துவிடாது. ஓய்வுக்குப் பின் கேட்பதற்குக் காலவரம்பு இருக்கிறது. ஓய்வுபெறும்போது செய்த மருத்துவப் பரிசோதனையின் ரிலீஸ் மெடிக்கல் போர்டு காகிதம் முக்கியம். அதையும் டிஸ்சார்ஜ் புக்கையும் எடுத்துக்கொண்டு சித்தூர் மாவட்ட சைனிக் (முன்னாள் படைவீரர்) நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். கொடுப்பார்கள் என்று நான் உறுதி தர முடியாது. கேட்காமல் விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

பெயர் கெடும் என்ற பயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: மனநோய் என்று ஒரு டாக்டர் கண்டறிந்ததாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். கல்லூரிக்கோ நாளை வேலை கொடுக்கப்போகும் பள்ளிக்கோ யாரும் தகவல் அனுப்பமாட்டார்கள். வகுப்பில் நின்று பாடம் நடத்த முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

பாகாயத்தைப் பற்றி நம் பக்கம் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். சின்ன வயதில் நாங்களும் அதைத் திட்டாகப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆனால் அங்கே சேர்பவரோடு குடும்பமும் கூடவே தங்கிக் கவனித்துக்கொள்ளும் முறை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பெரும்பாலானோர் புறநோயாளியாக வந்து, பேசிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறவர்கள்தான். அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. 2003இல் தொடங்கிய ஈசிஹெச்எஸ் திட்டத்தில் மனநலமும் அடக்கம். அதன் வேலூர் பாலிகிளினிக்கில் முதலில் மெடிக்கல் ஆபீசரைப் பாருங்கள். காதுக்கும் தூக்கத்துக்கும் தனித்தனியாக ரெஃபரல் கேளுங்கள். அவசரம் தவிர மற்ற நேரத்தில் ரெஃபரல் இல்லாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் உங்கள் தலையில் விழும். கார்டு மாநிலம் பார்க்காது, செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கமும் செல்லும். அது இல்லாமலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருக்கும் ஊர்கள் கொண்ட மாவட்டம் இது. அந்த வீடுகளில் எத்தனை பேர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கேட்டை இழுத்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் தனி ஆள் இல்லை என்று தெரியும்.

மச்சான் சொல்லும் சர்டிபிகேட்டும் நைட் டூட்டியும்

மச்சான் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் பாதிதான் சரி. மெட்ரிக் படித்து 15 ஆண்டுகள் சர்வீஸ் முடித்தவர்களுக்குத் தரப்படும் அந்தச் சான்றிதழ், டிகிரி கேட்கும் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு டிகிரிக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. அதுவும் தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத வேலைகளுக்கு. மேற்படிப்புக்கு அது செல்லாது. பி.எட். சேரப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், பொதுவாக 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். பி.எட். இரண்டு ஆண்டு. அதன்பின் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு. 2021இல் வந்த மாற்றத்துக்குப் பின் டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். அதனால் ஆசிரியர் ஆவதுதான் குறிக்கோள் என்றால் இந்த பி.ஏ.வுக்குக் குறுக்கு வழி கிடையாது.

வயது போய்விட்டது என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் முன்னாள் படைவீரரின் வயதிலிருந்து சர்வீஸ் ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அதன்பின் வரம்பைவிட மூன்று ஆண்டுகள்வரை கூடுதல் இருந்தாலும் ஏற்கிறார்கள். உங்கள் 38இல் 17 போனால் 21. பி.எட். முடித்து 41 வயதில் நின்றாலும் கணக்கில் 24தான். ஆசிரியர் வேலை கைகூடாவிட்டாலும் இந்தக் கதவு திறந்திருக்கிறது, டிகிரியோடு போனால் இன்னும் அகலமாகவே திறக்கும்.

எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு, அதை இப்போதே பார்த்துவிடுங்கள். ஆந்திர அரசு ஆசிரியர் வேலையில் பெரும்பகுதி இடங்கள் உள்ளூர்க்காரர்களுக்கு. யார் உள்ளூர் என்பதைப் பத்தாம் வகுப்புவரை எங்கே படித்தார் என்பதை வைத்து முடிவு செய்வார்கள். நீங்கள் காட்பாடிப் பக்கம் படித்தவர். தமிழ்நாட்டிலோ, வேறு மாநிலத்தவர் என்று கணக்கானால் சாதிவாரி ஒதுக்கீடு கிடைக்காமல் பொதுப் பிரிவில் நிற்க வேண்டிவரும். இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர், இரண்டு காகிதத்திலும் வெளியாள். உங்கள் மாதிரி குடும்பங்களுக்கு இது நடப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்க அலுவலகங்களிலும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ராணுவ நலக் கல்விச் சங்கம் நடத்தும் ஆர்மி பப்ளிக் ஸ்கூல்கள், தனியார் பள்ளிகள் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

பிரதமர் கல்வி உதவித்தொகை பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது உங்களுக்கு இல்லை, முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும். உங்கள் பெண் நாளை தொழிற்படிப்பில் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் உதவித்தொகை கிடைக்கும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நைட் கார்டு வேலைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பணக்கஷ்டம் இருந்தால் பகல் வேலையாகப் பாருங்கள். தூக்கம் கெட்டவருக்கு ராத்திரி டூட்டி, மனம் கனத்திருப்பவர் கையில் துப்பாக்கி. இப்போதைக்கு இரண்டும் ஆகாது. தொலைநிலைக் கல்விக்கு மாறுவதும் சட்டப்படி நல்ல வழிதான், யுஜிசி அங்கீகாரம் உள்ள பட்டம் என்றால் பி.எட்.டுக்குச் செல்லும். ஆனால் உங்களுக்கு அதை இரண்டாவதாகத்தான் சொல்வேன். பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதரை வீட்டில் தனியாக உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

கல்லூரிக்குத் திரும்பும்போது

அமெரிக்காவில் 1944லேயே போரிலிருந்து திரும்பியவர்களைக் கல்லூரிக்கு அனுப்பத் தனிச் சட்டம் போட்டார்கள். இன்று அங்கே பல கல்லூரிகளில் முன்னாள் வீரர்களுக்கென்றே ஓர் அறையும், பாடத்துக்கும் மனதுக்கும் வழிகாட்ட ஆளும் இருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் அப்படி ஓர் அறையை நான் பார்த்ததில்லை. அதனால் அந்த ஆட்களை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் ஆள், உங்கள் கல்லூரியின் என்.சி.சி. அதிகாரி. அவரும் பேராசிரியர்தான், ஆனால் உங்கள் பாஷை கொஞ்சம் தெரிந்தவர். துறைத் தலைவரைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பாருங்கள், முடிந்தால் அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

விளக்கக் கடிதத்தில் காஷ்மீர்க் கதை வேண்டாம். நோயின் பெயரும் வேண்டாம். இவ்வளவு போதும்: “அன்று நான் நடந்துகொண்டது தவறு. அந்த மாணவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். ராணுவப் பணியில் ஏற்பட்ட உடல்நலக் குறைவுக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறேன். காது கேட்பதில் சிரமம் இருப்பதால் முன்பக்கத்தில் சுவரோரமாக உட்கார அனுமதி வேண்டும்.” பாலிகிளினிக் சீட்டின் நகலை இணையுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழும் கட்டணமும் கொடுத்து ஓரளவுக்குச் சலுகை கேட்கலாம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். எட்டாத அளவுக்குப் போயிருந்தால் முறைப்படி படிப்பில் இடைவெளி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சும்மா நின்றுவிடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

உட்காரும் இடம்: நீங்கள் முன்னால் பார்த்து உட்காரும்போது இடது தோள் சுவரில் படும்படி, இரண்டாவது பெஞ்ச். கெட்ட காது சுவர்ப்பக்கம் போய்விடும், நல்ல காது பாடத்துக்கு. ஒரு பக்கம் சுவர் காவல். முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பது முதலில் நிச்சயம் கஷ்டமாக இருக்கும். உங்களுக்குப் பிடித்த ஒரு பையனைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். அந்த சிப்ஸ் பாக்கெட் பையனையே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. மன்னிப்புக் கேட்கும்போது அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி, அப்படியே கூப்பிடச் சொல்லுங்கள். ‘அங்கிள்’ போகாவிட்டால் ‘அண்ணா’வாவது ஆகட்டும்.

அப்புறம், நீங்கள் இணைத்து அனுப்பிய அந்த விடைத்தாள். வேலூர்ப் புரட்சி, 15 மதிப்பெண் கேள்வி, உங்களுக்குக் கிடைத்தது நாலு. படித்தேன். தேதி 1806 ஜூலை 10, இடம் வேலூர்க் கோட்டை, காரணம் புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, எதிர்த்தாக்குதல் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை, முடிவு. 12 வரி. ஒரு தப்புக்கூட இல்லை. உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அறிக்கை எழுதியிருக்கிறீர்கள், கட்டுரை எழுதவில்லை. வயர்லெஸ்ஸில் சுருக்கமாகச் சொல்லிப் பழகிய கை அது. தலைப்பாகை மாற்றம் ஏன் ஒரு சிப்பாயை அவ்வளவு புண்படுத்தியது என்று வகுப்பில் உள்ள 60 பேரில் உங்களைவிட நன்றாக யாரால் எழுத முடியும்? சீருடை என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

வெலிங்டனில் எல்.எம்.ஜி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்? சொல்லி, செய்து காட்டி, பார்க்காமல் அவர்களையே செய்ய வைத்து. அதே முறைதான் படிப்புக்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாயால் திரும்பச் சொல்வதுதான் மனதில் நிற்கும். கேட்பதற்கு ஆளும் வீட்டிலேயே இருக்கிறாள். தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பெண்ணின் நோட்டைப் படிக்கத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவளுக்கு உங்கள் புத்தகத்தைப் படிக்க வராது, ஆனால் தமிழில் கதை கேட்க வரும். சாயங்காலம் விளக்கு வைத்தபின், ரம் எடுக்கும் நேரத்துக்கு முன்னால், அந்தக் கோட்டையைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். அவள் ‘ஏன்?’ என்று எங்கெல்லாம் கேட்கிறாளோ அங்கெல்லாம் ஒரு பத்தி சேருங்கள், 12 வரி மூன்று பக்கமாகிவிடும்.

நாளைக் காலையிலும் சட்டையை இஸ்திரி போட்டுக் கிளம்புவீர்கள். காட்பாடியில் இறங்க வேண்டாம். அதே பஸ்ஸில் வேலூர்வரை வந்து பாலிகிளினிக்கில் டோக்கன் போடுங்கள். முடிந்தால் மனைவியையும் கூட்டி வாருங்கள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த கதையை வரும் வழியிலேயே அவரிடம் சொல்லிவிடலாம், கிறிஸ்டியான்பேட்டையிலிருந்து அதற்கு நேரம் இருக்கிறது. ஆடியோகிராம் எடுத்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த வேலூர்ப் புரட்சி விடையைப் புதிதாக எழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.